கறை இல்லாத பனியன்

பனியன் வெள்ளையாக இருந்தது. பளிச்சென்று. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

லாண்டரியில் கறை எடுப்பது அவள் வேலை. மை, துரு, ரத்தம், எதுவானாலும் அவள் மேஜைக்குத்தான் வரும். கணவரே ‘கறை கலெக்டர்’ என்று கிண்டல் செய்வார். அவருக்குக் காசநோய் மருந்து ஆரம்பித்த புதிதில், பனியன் கழுத்தெல்லாம் ஆரஞ்சு பூத்து, எந்தப் பவுடருக்கும் மசியாமல் அவள் உயிரை வாங்கியது. நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

“சிவப்பு மாத்திரையால வேர்வை, ஒண்ணுக்கு எல்லாம் கலர் மாறும்மா, பயப்படாதீங்க. ஆனா நாலு மாத்திரையும் சேர்ந்தே போகணும். ஒண்ண விட்டாலும், பொழைச்ச கிருமி மத்ததுக்குப் பழகிடும். அப்புறம் எதுக்கும் சாகாது.”

நாலு மாதமாக, மகள் துணியை மட்டும் அவளிடம் விட்டுவிட்டு, அவர் தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டார். “உனக்கு எதுக்குடி சிரமம்?” என்றார். அதை லாண்டரி முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாளே, மடச்சி! இன்றைக்குத்தான் மறந்துபோய் ஒரு பனியனைக் கூடையில் போட்டிருந்தார்.

ஞாயிறு மதியம். ஜன்னலெல்லாம் மூடிக்கிடந்த வீட்டில் ஈரத்துணி வாடையும் சோப்பு வாடையும் தேங்கி நிற்க, மிஷின் கடைசிச் சுற்றைச் சுற்றி அடங்கியதும், சுவருக்கு அந்தப் பக்கம் உள்ளறையிலிருந்து அந்த இருமல் வந்தது. குட்டையாய் இரண்டு. நீளமாய் ஒன்று. நின்றுபோயிருந்த அவருடைய இருமல் போன வாரம் திரும்பியிருந்தது. கேட்டதற்கு ஆபீஸ் ஏசிக் காற்று என்றார்.

அவருடைய தலையணை உறையை உருவினாள். வெள்ளை. கைக்குட்டை. வெள்ளை. அலமாரியைக் கலைத்தாள், பெட்டியைக் கவிழ்த்தாள். கடைசியில் வாசலோரம் கிடந்த அவருடைய பழைய மழை பூட்ஸுக்குள் கையை விட்டாள்.

பிசுபிசுத்தது.

விரல்களை வெளியே எடுத்தாள். சிவப்பு. கேப்சூல்கள் ஈரத்தில் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, கட்டியாகக் கிடந்தன. நாலு மாதத்து மாத்திரை.

வாசல் கதவு திறந்தது. அவர்தான், கையில் பால் பாக்கெட்டோடு. அவள் விரல்களைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

“ஏன்?”

“ஆபீஸ் டாய்லெட்ல பக்கத்துல நின்னவன், என்னய்யா ரத்தமான்னு கேட்டான். அதுலேர்ந்து எல்லாரும் சிரிச்சாங்க. மிச்ச மூணையும் போட்டேனே...”

“மானம் போச்சா உனக்கு? சிரிச்சா செத்தா போயிடுவே?” வாழ்நாளில் முதல்முறையாக அவரை ஒருமையில் பேசினாள். அறையலாம் போல ஆத்திரம். “நர்ஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னாளேய்யா! ஒண்ண விட்டா எதுக்கும் சாகாதுன்னு சொன்னாளே!”

அவர் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

இருமல் கேட்டது.

குட்டையாய் இரண்டு.

அவர் வாய் மூடித்தான் இருந்தது.

நீளமாய் ஒன்று.

இத்தனை நேரமும் அவர் வெளியே போயிருந்தார். உள்ளே இருந்தது மகள் மட்டும்.

கதவைத் தள்ளினாள். மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தலையணை. உறையின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, ஈரமாய், சிவப்பு. ஆரஞ்சு இல்லை. இந்தச் சிவப்பு எது என்று அவளுக்குத் தெரியும்.

மகள் பயந்துபோய் உறையை நீட்டினாள்.

“அம்மா, இது போயிடும்ல?”