மணிக்கட்டில் மூன்று விரல்

மூன்றாவது மாடி, ஒற்றை அறை, மேற்குப் பார்த்த ஒரே சன்னல். இரண்டு பெட்டிகளோடு அவள் குடிவந்த அன்று, வீட்டுக்காரம்மா சாவியை நீட்டியபடியே கேட்டாள்.

"ராத்திரி டியூட்டின்னா, பகல்லதான தூங்குவே?"

"ஆமாங்க."

வீட்டுக்காரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மென்று விழுங்கிக்கொண்டு, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அவளுக்கு இருபத்தாறு வயது. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவெல்லாம் முப்பது பேரின் மணிக்கட்டைத் தொட்டு நாடி பார்ப்பவள், விடிந்து அறைக்குத் திரும்பினால், சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு ஈ காக்கை இல்லை. அக்கா ஒருத்தி இருந்தாள், ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில். அவளுக்கும் தலைக்கு மேல் வேலை. பல நாட்கள் இவள் பகலில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தூங்கி எழுந்து மறுபடி டியூட்டிக்குப் போனாள்.

மேற்கு வெயிலுக்குப் பயந்து சன்னல் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டினாள். நாலு ஓரமும் டேப். மறுநாள் பிற்பகல் இடது கன்னம் சுட்டு விழித்தபோது சன்னல் வெறுமையாக இருந்தது. வெயிலில் பசை விட்டிருக்கும் என்று மறுபடி ஒட்டினாள். மறுபடி உரிந்து வந்தது. தானாக விழுந்த காகிதம் நாலாக மடிந்து மேசைமேல் போய் உட்காருமா என்று யோசிக்க, இரவு முழுக்க நின்ற உடம்பில் தெம்பில்லை. கடைசியில் அலுத்துப்போய் வெயிலிலேயே தூங்கப் பழகினாள்.

மூன்றாம் மாதம் புள்ளிகள் வந்தன. இடது கன்னத்தில் ஒன்றிரண்டு, பிறகு ஒரு கைப்பிடி. இடது முன்கையிலும்.

"முகத்துல டீயத் தெளிச்சுக்கிட்டியாடி?" என்று வார்டில் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அக்கா வீடியோவில் கூப்பிடும்போது வலது பக்கத்தை மட்டும் காட்டினாள்.

நான்காம் மாதம் தோல் டாக்டர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீட்டில் வயதை இன்னொரு தடவை படித்தார்.

"இள வயசுலயும் வெயில் புள்ளி வரும்மா. வெளியே அலையிற வேலைன்னா வரும். ஆனா இது அப்படியில்ல. இவ்வளவு வர முப்பது வருஷ வெயில் வேணும். அம்பது வயசைத் தாண்டினவங்க கை மாதிரி இருக்கு."

"நான் வெளியவே போறதில்ல டாக்டர். நாலு மாசமா பகல்ல தூங்கறேன், அவ்வளவுதான்."

"கையோட உள்பக்கம் வரவே வராது. உனக்கு அங்கயும் இருக்கு." அவர் விரல் மணிக்கட்டில் நின்றது. "இந்த மூணு இடம் மட்டும் ஏன் சுத்தமா இருக்கு?"

பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே, பழுப்புப் புள்ளிகளுக்கு நடுவில், பழைய நிறத்தில் வரிசையாக மூன்று வட்டங்கள். வெயில் படாமல் எதுவோ மறைத்த இடங்கள். வலது கையின் மூன்று விரல்களை அவற்றின்மேல் வைத்தாள்.

கச்சிதமாகப் பொருந்தின.

வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. அவளுக்குப் புரிந்தது. தினமும் முப்பது பேருக்கு அவள் விரல் வைக்கும் இடம் அது.

தூங்கும்போது யாரோ அவளுக்கு நாடி பார்த்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரம்மாவின் கதவைத் தட்டி, கையை நீட்டினாள். அந்தம்மா முகம் வெளிறியது.

"உனக்கு முன்னாடி அந்த ரூம்ல இருந்தவளும் நர்ஸ்தான். அம்பத்தஞ்சு வயசு. கையெல்லாம் இதே மாதிரி புள்ளி. உன்னை மாதிரியே சன்னல்ல கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தா. பகல்ல தூங்கறவளாச்சே, எழுப்பக் கூடாதுன்னு யாரும் கதவைத் தட்டல. வேலையை விட்டுட்டான்னு ஆஸ்பத்திரியில நெனச்சுக்கிட்டாங்க." குரல் இறங்கியது. "செத்துக் கெடந்தது தெரிய பதினோரு நாளாச்சும்மா. காகிதம் இல்லன்னா எதிர் மாடியில யாராவது பாத்திருப்பாங்க."

அதே வேலை, அதே கட்டில், அதே புள்ளிகள். இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் தானும் அவளாகவே முடிந்துபோவோம் என்று அவளுக்குத் தோன்றியது. அக்காவுக்குப் போன் செய்தாள். "உடனே கெளம்பி வா" என்றாள் அக்கா. பஸ் மாலை ஐந்து மணிக்கு. பெட்டியைக் கட்டிவிட்டு, இனி ஒரு புள்ளிகூட வரக் கூடாதென்று சன்னலில் காகிதத்தை அழுத்தி ஒட்டி, கட்டிலில் உட்கார்ந்தாள். படுக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். இரவு டியூட்டி பார்த்த கண்கள் கேட்கவில்லை.

டேப் உரியும் சத்தத்தில் விழிப்பு வந்தது.

கண்ணைத் திறக்கவில்லை. மெல்ல மெல்ல உரிந்தது, தூங்குகிறவளை எழுப்பிவிடக் கூடாதென்ற கவனத்தோடு. ஒரு ஓரம். இன்னொரு ஓரம். மூடிய இமைகள் சிவந்தன. வெயில் கன்னத்தில் இறங்கியது.

ஸ்பிரிட் வாசனை.

காகிதம் நாலாக மடியும் சரசரப்பு.

கட்டிலின் ஓரம் அமுங்கியது.

மூன்று விரல்கள் மணிக்கட்டில் அமர்ந்தன. அத்தனை வெயிலிலும் அவை சில்லென்று இருந்தன. காதருகே ஒரு குரல், வார்டில் நர்ஸ்கள் தமக்குள் எண்ணுவது போல, முணுமுணுத்தது.

"...நூத்தி மூணு. நூத்தி நாலு. நூத்தி அஞ்சு."

குரல் நின்றது.

"முழிச்சிட்டியா?"

அவள் ஓடினாள். பெட்டி, செருப்பு எதுவும் எடுக்கவில்லை.

அக்கா வீட்டில் ஆறு மாதத்தில் புள்ளிகள் மங்கின. மூன்று வட்டங்களும் சுற்றியிருந்த தோலோடு கலந்துபோயின. பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அங்கும் இரவு டியூட்டிதான். பகலில் தூங்க, சன்னலே இல்லாத உள்ளறையை அக்கா ஒழித்துக் கொடுத்தாள். அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கினாள். அக்காவும் மாமாவும் வேலைக்குப் போவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள்.

"சித்தி தூங்கட்டும், யாரும் கதவைத் தட்டாதீங்க" என்று அக்கா பிள்ளைகளிடம் அன்பாகத்தான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அந்தப் பதினோரு நாள் ஞாபகம் வந்தது. விடுமுறை நாட்களிலும் சில சமயம் மாலை வரை யாரும் தட்டவில்லை. அந்த மூன்றாவது மாடி அறையில் பயந்திருந்தாளே தவிர, ஒரு பகல்கூடத் தனியாக இருந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதை நினைத்து அழுதாள்.

அதற்கு மறுநாள் பிற்பகல் கண் விழித்தபோது அறையில் வெளிச்சம் இருந்தது.

உள்ளே போட்ட தாழ்ப்பாள் விலகி, கதவு விரியத் திறந்திருந்தது. கூடத்து வெயில் கட்டில்வரை நீண்டிருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

இடது மணிக்கட்டைப் பார்த்தாள். தோலில் மூன்று சின்னக் குழிகள், இப்போதுதான் விரல் எடுத்த மாதிரி, மெதுவாக நிரம்பிக்கொண்டிருந்தன.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தவில்லை. மறுபடி படுத்துக்கொண்டு, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

கட்டில் ஓரம் அமுங்கியது.