விரிசலில் ஒட்டிய கண்ணாடி

படுக்கையறைச் சுவரில் விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டு உடையவில்லை. ஆனால் யாரோ ஊதிவிட்டது போல வெள்ளையாக மங்கியிருந்தது. சென்னை அஸ்தினாபுரத்துச் சித்திரை வெயிலில் எங்கிருந்து வரும் ஈரம்? ஈவ்லின் முந்தானையால் துடைத்தாள். என்னமோ போகட்டும். கணவர் வில்பிரட்டின் இதய ஆபரேஷனுக்குப் பிறகு, இந்த இரண்டு மாதத்தில் பயப்பட வேண்டியதையெல்லாம் பயந்து தீர்த்தாயிற்று. மிச்சமிருந்தது மரத்துப்போன மனசும், மதியத் தூக்கத்தில் அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கும் பழக்கமும்தான்.

கண்ணாடியை ஒட்டியவர் இன்ஜினியர் அச்சுதன். அது உடைந்தால் வீடு இன்னும் இறங்குகிறது என்று அர்த்தமாம். சரிந்த தரையையும் நிலையில் உரசும் கதவையும் பார்த்துவிட்டு, இந்தப் படுக்கையறைக்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்டார். கிணறுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் இடித்த கல்லும் மண்ணும் கொட்டி மூடி, மேலே அறை எடுத்தார்கள். அப்போது சித்தாள் கன்னியம்மா ஒரு பிளாஸ்டிக் குழாயை அதற்குள் நட்டு வைத்தாள்.

"கெணத்த மூடுனா மூச்சு வுட வழி வெக்கணும்மா. இல்லாங்காட்டி அது வேற எடம் தேடும்."

வில்பிரட் சிரித்தார். ஜெபம் பண்ணுகிற வீட்டில் இதென்ன கூத்து என்று குழாயைத் தரையோடு அறுத்தார். மேலே டைல்ஸ் பதித்து, கட்டிலையும் அங்கேயே போட்டுக்கொண்டார்.

அடியில் மண் இறங்கிப் பொந்தாகிவிட்டது, வெளிச்சுவரோரம் துளை போட்டு சிமெண்டுப் பாலை உள்ளே செலுத்தி நிரப்பிவிடலாம் என்றார் அச்சுதன். ரெண்டு மணி நேர வேலை, சார் பாட்டுக்குத் தூங்கட்டும் என்றும் சொன்னார்.

வெளியே மிஷின் ஓடத் தொடங்கியது. மாத்திரை போட்டு வில்பிரட் உறங்கினார். ஈரச் சிமெண்டு வாசனையும், அதற்கும் அடியிலிருந்து வெகுநாள் வெளிச்சம் படாத தண்ணீரின் பாசி வாசனையும் டைல்ஸ் இடுக்கு வழியாக ஏறி வர, ஈவ்லின் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து வழக்கம்போல் அவர் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

நெஞ்சு இறங்கியது. கண்ணாடி மங்கியது. நெஞ்சு ஏறியது. கண்ணாடி தெளிந்தது.

எண்ணினாள். இருபது தடவை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

நிறுத்தச் சொல்ல வேண்டும். தெரிந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போக நாலே அடி. கால் எழவில்லை. குரலும் வரவில்லை.

மிஷின் நின்றது.

"ஃபுல்லாயிடுச்சுக்கா," ஜன்னலுக்கு வெளியே அச்சுதன் குரல். "இனிமே காத்துகூட உள்ள போவாது."

கண்ணாடி தெளிந்தது. மறுபடி மங்கவில்லை.

இப்போது எழ முடிந்தது. அதைச் சுவரிலிருந்து பெயர்த்தாள். வில்பிரட்டின் மூக்கருகே பிடித்தாள். காத்திருந்தாள்.

கண்ணாடி தெளிவாகவே இருந்தது.

அவர் உதடு மெல்லப் பிரிந்தது. சாம்பல் நிறத்தில் சிமெண்டுப் பால், முதலில் ஒரு சொட்டு, பிறகு நிற்காமல், தலையணையில் வழிந்தது.