முதல்வகை மூச்சிக்கு ஒரு நிறுவி

காலை ஆறு மணிக்கு நெடுமேட்டில் எல்லாரும் பதினொரு நொடி மூச்சை நிறுத்திக்கொள்வார்கள். காப்பி ஆற்றுகிறவர் ஆற்றிக்கொண்டே இருப்பார். சண்டை போடுகிறவர்கள் சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு முறைத்துக்கொண்டிருப்பார்கள். செவ்வாய்க் கோளின் மெலிந்த காற்றைச் சுவாசிக்கத் தக்கதாக்கும் ‘மூச்சி’ ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் இருந்தது. அது தினமும் ஒருமுறை அணைந்து எழும். பன்னிரண்டாவது நொடியில் சண்டை தொடரும்.

மூச்சியைச் செய்த நிறுவனம் மூடி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன்பின் நெடுமேட்டுக்காரர்களே மென்பொருளைத் திறந்து எழுதி, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்துவந்தார்கள். வேண்டிய மென்பொருள் பொதிகளைத் தேடி எடுத்து மூச்சிக்குள் சேர்க்கும் மேலாளிக்குச் ‘சுமடு’ என்று பெயர். பழைய சுமட்டின் நாட்காட்டி இன்னும் பன்னிரண்டு நாளில் முடிகிறது. அதற்குப் பிறகு நாள் தெரியாமல் சுமடு நின்றுவிடும்; காலையில் அணையும் மூச்சி எழாது.

புதிய சுமடு தயார். அதை மூச்சிக்குள் பத்திரமாகக் கொண்டுபோய் உட்கார வைக்கும் நிறுவிதான் சிக்கல். ஏழு வகை மூச்சிகளில் ஆறுக்கு நிறுவி வேலை செய்து, எல்லாருக்கும் ஏறியும் விட்டது. மிகப் பழைய முதல்வகையில் மட்டும் பாதியிலேயே நின்றது. முதலில் குடியேறிய முந்நூற்று நாற்பது பேருக்கு அந்த வகை. நிறுவியை எழுதிய ஜெசிந்தாவும் அவர்களில் ஒருத்தி. சோதித்துப் பார்க்க உதிரி முதல்வகை மூச்சி எதுவும் கிடைக்கவில்லை. தன் நெஞ்சிலேயே சோதித்தாள்.

ஒவ்வொரு முயற்சியிலும் நிறுவி பழைய சுமட்டை அழிக்கும். புதியது பாதி ஏறியதும் நினைவகம் நிரம்பிவிடும். மருத்துவப் பிரிவின் கபூர் உடனே அவள் வாயில் காற்றுக்குழாயை வைத்து, பழையதைத் திரும்ப ஏற்றுவார்.

இருபத்தாறாவது முயற்சியில் குழாய் அடைத்துக்கொண்டது. நாற்பது நொடி. அவள் உதடு நீலமாகிவிட்டது.

“போதும் ஜெசிந்தா. இனிமே நான் குழாய் பிடிக்கமாட்டேன்” என்றார் கபூர்.

“பிடிக்காட்டி போங்கண்ணே. நான் சுவர்ல கட்டி வெச்சுக்கிறேன்.”

“பிடிவாதக்காரி!” என்று சொல்லிக்கொண்டே வேறு குழாய் எடுத்து வந்தார்.

அன்று அவள் முயற்சியை நிறுத்தினாள். தன் மூச்சிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். நினைவகத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருந்தது, மூடிப்போன நிறுவனத்தின் விளம்பரப் பாட்டு. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முதலில் பாட்டை அழித்து, அந்த இடத்தில் புதிய சுமட்டை ஏற்றி, அது ஒரு மூச்சு ஒழுங்காக இழுத்துக் காட்டிய பிறகே பழையதை நீக்கும்படி நிறுவியை மாற்றி எழுதினாள். முப்பத்திரண்டாவது முயற்சியில் குழாய் தேவைப்படவில்லை. நம்பிக்கையில்லாமல் மேலும் ஒன்பது முறை சோதித்துவிட்டு, ஆறாம் நாள் வெளியிட்டாள்.

முதல்வகைக்காரர்கள் அத்தனை பேர் கண்முன்னும் கேள்வி தோன்றியது: ‘நிறுவலாமா? இப்போது / பிறகு.’

நான்கு நாளில் ‘இப்போது’ என்று சொன்னவர்கள் பத்தொன்பது பேர்.

கேள்வியைச் சிவப்பு எச்சரிக்கையாக மாற்றினாள். பலனில்லை. வீடு வீடாகப் போனாள்.

“போட்டுக்கலாம்மா, என்ன அவசரம்?” என்றார் ஒருவர்.

“சும்மா குடுக்குறாங்கன்னா அதுல ஏதோ இருக்கு” என்றாள் அடுத்த வீட்டுப் பெண்.

“முதல்ல நாலு பேரு போடட்டும், பார்க்கலாம்” என்றது மூன்றாவது வீடு.

அனுமதியில்லாமல் யார் உடலிலும் எதையும் ஏற்றுவதில்லை என்பது நெடுமேட்டுச் சட்டம். ஜெசிந்தா களைத்து வந்து உட்கார்ந்தாள். “சாகப்போறாங்கண்ணே. கையில குடுத்தும் சாகப்போறாங்க.”

கபூர் சற்று யோசித்துவிட்டு ஒரு அறிவிப்பை எழுதி நீட்டினார். ‘முதல்வகை மூச்சிக்குப் புதிய சுமடு. நாளை, பொதுக்கூடத்தில். நூறு இடங்கள் மட்டுமே.’

“இது பொய். மென்பொருள் எப்படி தீர்ந்துபோகும்? எத்தனை நகல் வேணும்னாலும் எடுக்கலாமே!”

“மென்பொருளைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே. கூடத்துல நாற்காலி நூறுதான் இருக்கு.”

அவள் தாளை வாங்கிப் படித்துவிட்டு அவரிடமே நீட்டினாள். “ஒட்டுங்க” என்றாள்.

மறுநாள் கூடம் திறக்குமுன்பே வரிசை காற்றுக்கதவு வரை போயிருந்தது. “என்ன அவசரம்” என்றவர் இரண்டாவது ஆளாக நின்றார். தள்ளுமுள்ளில் ஒருவருக்குச் செருப்பு அறுந்தது. சிபாரிசுக் கடிதங்கள் வந்தன. யாரும் எதையும் படிக்கவில்லை. கேள்வி முழுதாகத் தோன்றுமுன்பே ‘இப்போது, இப்போது’ என்று கத்தினார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மூச்சிப் பட்டியலில் முந்நூற்று நாற்பதாவது பெயரும் பச்சையானது. ஜெசிந்தா மேசையில் தலை சாய்த்து, ஆசை தீர ஒரு மூச்சு விட்டாள்.

வெளியே வரிசை மட்டும் குறையவே இல்லை. மற்ற ஆறு வகைக்காரர்களும் வந்து நின்றிருந்தார்கள்.

பக்கவாட்டுக் கதவு மெல்லத் திறந்தது. குடியிருப்பின் தலைவர் உலகளந்தான் தலையை நீட்டினார்.

“எனக்கு ஒண்ணு தனியா எடுத்து வெச்சிரும்மா.”

“ஐயா, உங்களுது நாலாம் வகை. புதுசு எப்பவோ போட்டாச்சு. இது உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.”

தலைவர் பின்னால் யாராவது கேட்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“பொருந்தாட்டி என்னம்மா? வீட்டுல ஒண்ணு இருக்கட்டும்.”