சிவப்பு நூல் கட்டிய நான்கு மரங்கள்

எங்கள் ஊர் கெல்சோ லேண்டிங்கில் பாலம் கிடையாது. ஜனவரியில் ஆறு உறைந்ததும் அதன் மேலேயே வண்டி ஓட்டுவோம். பனிக்கட்டி எங்கே கனமாக இருக்கிறதென்று துளை போட்டுப் பார்த்து, பாதை நெடுக ஃபிர் என்ற ஊசியிலை மரக்கன்றுகளை நட்டு வைப்பார்கள். புயலில் கண் தெரியாவிட்டாலும் மரத்துக்கு மரம் போனால் அக்கரை சேரலாம். எங்கள் ஊரில் பாதிரியாரைச் சந்தேகித்தாலும் அந்த மரங்களைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

நட்டுவந்தது என் கணவன் ஹாலிஸும் அவன் நண்பன் எல்டனும்தான். ஒவ்வொரு மரத்திலும் என் கூடையிலிருந்து சிவப்புக் கம்பளி நூலை எடுத்துக் கட்டுவான் ஹாலிஸ்.

போன ஜனவரியில் ஹாலிஸ் வண்டியோடு ஆற்றுக்குள் போனான். குடித்துவிட்டுப் பாதை மாறினான் என்றான் எல்டன். குடியை விட்டுவிட்டதாக என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவன் ஹாலிஸ். எல்டன் சொன்னதை நான் நம்பினேன். ஹாலிஸின் கல்லறைக்கு ஒரு கல் கூட வைக்கவில்லை.

ஒரு வருடம் கழித்துத்தான் மனம் இளகியது. கல் செதுக்குபவர் அக்கரையில் இருந்தார். எல்டன் தன் வண்டியில் கூட்டிப் போனான்.

"என்ன வெர்னா, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? குடிகாரனுக்குக் கல்லு வைக்கப் போறோம்னா?"

"வாய மூடிட்டு ஓட்டு எல்டன்."

பாதி ஆறு தாண்டியபோது பனி கொட்டத் தொடங்கியது. பகல் இரண்டு மணிக்கே எதிரில் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. மரத்துக்கு மரம் ஊர்ந்தோம். ஆற்றடிச் சேற்றின் வாடை வண்டிக்குள் ஏறியது.

அடுத்த மரம் ஈரமாக இருந்தது. அந்தக் குளிரிலும் சொட்டிக்கொண்டிருந்தது.

கிளையில் சிவப்பு நூல்.

"இந்த வருஷம் நூல் கட்டுனியா?" என்று கேட்டேன்.

எல்டன் வண்டியை நிறுத்தினான்.

"இத நான் தண்ணிக்குள்ள தள்ளிட்டேனே..."

வண்டிக்கு அடியில், பனிக்கட்டிக்குக் கீழேயிருந்து, யாரோ தட்டினார்கள்.

மெதுவாக. மூன்று தரம்.

"என்ன பண்ணுன எல்டன்?"

"ஐஸ்ல துளை போட்டு மீன் பிடிக்கிற என் குடில ஒட்டியே வண்டிங்க போச்சு. அந்தச் சத்தத்துல ஒரு மீனும் மாட்டல. நாலு மரத்தப் பிடுங்கி அந்தாண்ட நட்டேன், அவ்ளோதான். ஐஸ் மெலிசா இருக்கும்னு எனக்கென்ன தெரியும்? அவன் விழுந்தப்புறம் யாரும் பாக்கக் கூடாதுன்னு அந்த நாலையும் உள்ள தள்ளிட்டேன்."

"அவன் குடிச்சிருந்தானா?"

எல்டன் கதவுப் பிடியைத் தேடினான்.

"சொல்லு!"

"இல்ல."

மீன்களுக்காக. இவன் கொண்டுவந்து கொடுத்த மீன்களைத்தான் என் கணவன் செத்த வீட்டில் பொரித்துப் பரிமாறினேன்.

மறுபடியும் தட்டல், இம்முறை அவன் காலடியில். எல்டன் கதவைத் திறந்து ஓடினான். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். மரத்துக்கு மரம் ஓடினான்.

ஒரு கணம் பனி விலகியது. அந்த நான்கு மரங்களும் ஒரே வரிசையில் நின்றன. கடைசி மரத்துக்கு அப்பால் தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது.

கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை.

புயல் விட்டதும் நடந்தே வீடு திரும்பினேன். ஹாலிஸ் குடிக்கவில்லை என்று ஊரெல்லாம் சொன்னேன். கல்லில் 'சொன்ன சொல் காத்தவன்' என்று செதுக்கச் சொன்னேன். அதோடு தீரும் என்று நினைத்தேன். ஆனால் எல்டனின் பேச்சை ஒரு வருடம் முழுக்க நம்பியவள் நானும்தானே.

திங்களன்று ஆற்றங்கரையில் ஒரு மரம் சொட்டச் சொட்ட நின்றது. செவ்வாயன்று எங்கள் தெருமுனையில் இன்னொன்று. நேற்று என் வீட்டு வாசலில்.

நான்காவது இன்று காலை சமையலறையில் நிற்கிறது, என் நூல் கூடைக்குப் பக்கத்தில். கதவு நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கிறது.