கரையில் நின்றவள்

புளிசாதம் கிளறிக்கொண்டிருந்த சுஜாதாவின் காதில் அது தெளிவாகவே விழுந்தது.

"உங்க அண்ணி வராம இருந்தா நல்லா இருக்கும்ங்க... அதத் தொடாத, இங்க நிக்காதன்னு சொல்லிகினே இருப்பாங்க. ஒரு நாளாச்சும் நிம்மதியா இருந்துட்டு வரலாம்."

சொன்னது மானசா, கொழுந்தன் ஆனந்தனின் மனைவி. இருவருக்கும் நாவலூரில் வேலை. விடுமுறைக்குக் குழந்தை ரக்ஷாவோடு செங்கல்பட்டு வீட்டுக்கு வந்திருந்தார்கள். அன்று எல்லோருமாக மாமல்லபுரம் போவதாக இருந்தது. ஆனந்தன் என்ன சொல்லப்போகிறான் என்று சுஜாதா கரண்டியை நிறுத்திக் காத்திருந்தாள். அவன் குழந்தையைக் குளிக்கக் கூப்பிடும் சத்தம்தான் கேட்டது.

அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவன் அரைக்கால் சட்டை போட்ட பையன். மாமியார் ஆராயி அதற்கு முன்பே கண்மூடிவிட்டார். கணவன் தமிழ்வாணன் சுற்றுலா வேன் ஓட்டப் போனால் எப்போது திரும்புவான் என்று தெரியாது. பையனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், படித்துக்கொண்டிருந்த நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டாள். தனக்கென்று ஒரு பிள்ளை பிறக்காததைப் பற்றி அவள் யாரிடமும் வருந்திப் பேசியதில்லை. ஆனந்தன் இருக்கிறானே என்று இருந்துவிட்டாள்.

"நான் வரலன்னு சொல்லிடட்டுமா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"இன்னா பேசற நீ? பாப்பா உன்ன வுட்டுட்டு வருமா? கெளம்பு" என்றான் தமிழ்வாணன்.

மாமல்லபுரம் போகும் வழியில், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த உப்பங்கழிக்கு ஆனந்தன் அழைத்துப் போனான். நண்பர் ஒருவர் மூலம் சடையப்பன் என்பவரின் ஃபைபர் படகைப் பேசி வைத்திருந்தான். வேனை விட்டு இறங்கியதிலிருந்தே சுஜாதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காற்று நிற்பதும் திடீரென்று அடிப்பதுமாக இருந்தது. அவள் நேராகப் போய் லைஃப் ஜாக்கெட்டுகளைப் பார்த்தாள். குழந்தைக்கு ஒரு சின்னது, பெரியவர்களுக்கு நான்கு. அதில் ஒன்றின் பட்டை அறுந்திருந்தது.

"ஒன்னு கொறையுதே..."

"தண்ணி இடுப்பளவுதாம்மா கீது. இதுவே ஜாஸ்தி" என்றார் சடையப்பன்.

ரக்ஷாவுக்குப் போட்டுவிட்டு, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். கழுத்து வழியாக நழுவவில்லை. மானசாவும் தமிழ்வாணனும் போட்டுக்கொண்டார்கள். சுஜாதாவும் போட்டுக்கொண்டு படகில் ஏறினாள். ஆனந்தன் மட்டும் வெறும் சட்டையோடு விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

"உனக்கும் ஒன்னு வாங்கி வரச் சொல்லு ஆனந்தா. வந்தப்புறம் போவலாம்."

"எனக்கு நீச்சல் தெரியும் அண்ணி."

"தெரிஞ்சா இன்னா? இது இல்லாம நீ வந்தா நான் பாப்பாவ எறக்கிடுவேன்."

மானசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனந்தனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"எல்லாத்துக்கும் உங்ககிட்ட கேட்டுகினு இருக்கணுமா? நீங்க இன்னா என்னைப் பெத்தவங்களா... இல்ல, பாப்பாவத்தான் பெத்தீங்களா?"

சுஜாதா கணவனைப் பார்த்தாள். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் தன் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றினாள். ஆனந்தனின் தோளில் மாட்டி, பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பூட்டினாள். அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"போய்ட்டு வாங்க. யாரும் எழுந்து நிக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரையில் இறங்கினாள்.

படகு சின்னதாகிக்கொண்டே போனது. அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. முகத்துவாரம் பக்கமிருந்து காற்று வலுத்து, தண்ணீர் நொறுங்கிய கண்ணாடி மாதிரி ஆனது. படகு திரும்பும்போது எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பது தெரிந்தது. செல்ஃபி எடுக்கிறார்கள் போலும்...

"உட்காருங்க... உட்காருங்க..." அவள் குரல் அவ்வளவு தூரம் எங்கே போகும்? பக்கவாட்டில் ஓர் அலை மோதியது. படகின் வெள்ளை அடிப்பாகம் மேலே வந்தது.

கரையோரம் தன் படகைக் கழுவிக்கொண்டிருந்த ஏசுபாதத்திடம் ஓடினாள். "அண்ணாத்த... எங்க வூட்டு ஆளுங்க..." அவர் என்ஜினைக் கிளப்புவதற்குள், கரையிலேயே கிடந்த பட்டை அறுந்த லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, சாதக்கூடை மேல் கட்டியிருந்த துண்டால் மார்போடு இறுக்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.

அங்கே தண்ணீர் இடுப்பளவு இல்லை, கால் எட்டாத ஆழம். மானசா குழந்தையை அணைத்தபடி மிதந்துகொண்டிருந்தாள். தமிழ்வாணனும் சடையப்பனும் கவிழ்ந்த படகைப் பிடித்திருந்தார்கள். ஆனந்தன் கொஞ்சம் தள்ளி, நினைவில்லாமல், முகம் வானத்தைப் பார்த்தபடி கிடந்தான். படகின் விளிம்பு மோதி நெற்றி பிளந்திருந்தது. நீச்சல் தெரிந்த அந்தக் கைகள் வெறுமனே தண்ணீரில் அலைந்தன. லைஃப் ஜாக்கெட்தான் அவன் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தாங்கியிருந்தது.

ஏசுபாதமும் அவளுமாக அவனை இழுத்துப் போட்டார்கள். மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, முந்தானையால் காயத்தை அழுத்திப் பிடித்தாள். மற்றவர்களும் ஏறிய பிறகு, கரை வரும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வராந்தாவில் தமிழ்வாணன் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"அவன் அந்த வார்த்த சொன்னப்போ நான் வாயத் தொறக்கல சுஜாதா..."

"ஆமா. அவன் சொன்னத விட அதான் வலிச்சுது" என்றாள். அவனிடம் இப்படி அவள் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் உள்ளே போனாள். அவன் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

உள்ளே மானசா எழுந்து வந்தாள். "அக்கா... காலைல நான்..."

"கேட்டுச்சு மானசா."

மானசா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஈரப் புடவை நாற்றத்தோடு சுஜாதா அவளை அணைத்துக்கொண்டாள்.

கட்டிலில் ஆனந்தன் கண் திறந்திருந்தான். "அண்ணி... மன்னிச்சிடுங்க."

"இன்னிக்கே முடியாதுப்பா. சொன்னது இன்னும் காதுலயே கீது. கொஞ்ச நாள் ஆவும்."

"எவ்ளோ நாள் வேணா ஆவட்டும்... என்னாண்ட பேசாம மட்டும் இருந்துடாதீங்க."

"பேசாம நான் எங்க போவப் போறேன்? தலைய ஆட்டாத, தையல் பிரிஞ்சிடப் போவுது."

அவன் சிரிக்கப் பார்த்தான், அழுகைதான் வந்தது. நாளெல்லாம் வராத கண்ணீர் அப்போதுதான் அவளுக்கும் வந்தது. அவன் கையைத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, வெட்கப்படாமல் அழுதாள். ரக்ஷா அவள் மடியில் ஏறித் தூங்கிப்போனாள். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தபோது வாசலில் கணவன் அப்படியே நிற்பது தெரிந்தது.

"அங்கயே இன்னா நின்னுகினு? உள்ள வா" என்றாள்.

அவன் வந்து உட்கார, அவள் நகர்ந்து இடம் விட்டாள்.