சாய்த்தால் உருளும்

தம்பியின் அறையைக் காலி செய்ய அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து சேர்ந்தாள். கையில் நான்கு சாக்குப் பைகள், ஒரு துடைப்பம். மூன்றாவது மாடி. சாவியைக் கொடுத்த வீட்டுக்காரர் வாசலோடு நின்றுகொண்டார்.

"நான் எதையும் தொடலம்மா. கீழ் வீட்டுக்காரங்கதான் ரெண்டு தடவ வந்து சொன்னாங்க, மேல என்னமோ உருளுதுன்னு."

"பூட்டின ரூம்ல என்னங்க உருளும்?"

"எலியா இருக்கும்," என்று சொல்லிவிட்டு, அந்த எலிக்கே பயந்தவர் போல விடுவிடுவென்று இறங்கிப் போனார்.

அவள் நர்ஸ். ஊரார் காய்ச்சலுக்கெல்லாம் கண் விழித்து நெற்றியில் ஈரத்துணி போட்டவள். இரண்டு மாதத்துக்கு முன் இதே அறையில் தம்பி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தான். நான்காம் நாள் கதவை உடைத்து உடலைத்தான் எடுத்தார்கள். அந்த மூன்று நாளில் ஏழு தடவை அக்காவுக்குப் போன் செய்திருந்தான். அவள் ஒவ்வொரு தடவையும் 'அப்புறம் பேசறேன்' என்று ஒரு வரி அனுப்பினாள். அவனும் உடம்பைப் பற்றி மூச்சுவிடவில்லை. 'நான் செஞ்ச கேமை ஒரு தடவ விளையாடிப் பாருக்கா' என்று மட்டும் எழுதியிருந்தான்.

கதவைத் தாழிட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தாள். அடைந்து கிடந்த புழுக்க வாடை அசைந்து கொடுக்கவில்லை. சட்டைகளை மடித்தாள். தலையணை உறைக்குள் அவனுடைய போன் இருந்தது. சார்ஜில் போட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்த விளையாட்டைத் திறந்தாள்.

வேடிக்கையாகத்தான் இருந்தது. உருண்டையன் என்று ஒரு பிராணி. கிழங்குக்குக் கால் முளைத்த மாதிரி. போனைச் சாய்த்தால் அந்தப் பக்கம் உருள்வான். உச்சந்தலையைத் தொட்டால் தும்முவான். தும்மினால் எதிரே இருக்கும் கதவு திறக்கும். பள்ளம் வந்தால் சட்டென்று மறுபக்கம் சாய்க்க வேண்டும். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால், மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான்.

அவள் சிரித்துவிட்டாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அது முடிவதற்குள் அழுகை வந்தது.

கதவு கதவாகத் திறந்துகொண்டே போனாள். கடைசிக் கதவுக்குப் பின்னால் இருந்தது இதே அறை. இதே கட்டில், இதே ஜன்னல், சுவரோரம் நான்கு சாக்குப் பைகள்.

அவள் இன்றைக்குக் கொண்டுவந்த பைகள்.

உருண்டையனைக் காணோம். அவன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

இவள் போனைத் தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

திரையிலிருந்த அறை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

சுவரில் சாத்தியிருந்த துடைப்பம் சரிந்தது. தண்ணீர் பாட்டில் கடகடவென்று உருண்டு கட்டிலுக்கடியில் போனது. அவளும் வழுக்கினாள், கட்டில் காலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு?"



அவள் உச்சந்தலையை ஒரு விரல் தொட்டது. மெதுவாக, பயந்து பயந்து. அந்தச் சூட்டை அவளுக்குத் தெரியும். நூற்று மூன்று டிகிரிக்குக் குறையாது.

மூக்கு அரித்தது. தும்மினாள்.

தாழிட்டிருந்த கதவு திறந்துகொண்டது.

எப்படி இறங்கினாள், எப்படி வீடு வந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் வீட்டிலும் அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் போன் செய்தார். "சாமானெல்லாம் கட்டி வச்சுட்டேம்மா. உங்க தம்பி போன் மட்டும் இல்ல. சார்ஜர் இருக்கு. கையோட கொண்டு போயிட்டீங்களா?"

"இல்லைங்க," என்றாள்.

அவள் முன்னால் சமையலறை மேஜையில் ஒரு கண்ணாடி டம்ளர். மேஜை சமமாகத்தான் இருந்தது. டம்ளரும் நேராகத்தான் நின்றது. உள்ளே இருந்த தண்ணீர் மட்டும் ஒரு பக்கம் ஏறி, சரிவாக, அசையாமல் நின்றது.

அவள் இரண்டு கையாலும் நாற்காலியைப் பற்றிக்கொண்டாள்.

"மெதுவாடா," என்றாள்.

தண்ணீர் மெல்ல மறுபக்கம் சாய்ந்தது.