பனிக்கடியில் ஒரு சிவப்புத் தொப்பி

நாய் குரைத்தது.

மீட்புக்குழு ஓடிப்போய்ப் பனியைத் தோண்டியது. முதலில் ஒரு கை தெரிந்தது. கையுறை இல்லாத கை. அதன் இறுகிய பிடியில் ஒரு பீப்பர், பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் கருவி!

பிறகு ஐவின் முழுசாக வந்தான். உயிர் மட்டும் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் இங்குன் அவன் முகத்துப் பனியைத் துடைத்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்...

அடிவாரக் குடிசையில் ஹல்வார் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். அதே வகுப்புதான் அவனும். ஈஸ்டர் வந்தால் போதும், கூடாரமும் ஆரஞ்சுப் பழங்களுமாக அவனும் ஐவினும் லிங்கென் மலையில் சறுக்கப் போய்விடுவார்கள். போன் செய்து தகவல் சொன்னது அவன்தான்.

"இறங்கிட்டிருந்தோம். அவன் முன்னாடி. பனி உடைஞ்சு அவனை அள்ளிட்டுப் போயிடுச்சு... என் பீப்பரை வச்சுத் தேடினேன். அவன்கிட்டேருந்து சத்தமே வரல."

"காலையில பீப்பரைச் சோதிச்சீங்களா?"

"சோதிக்காம என்னிக்கு நகர்ந்திருக்கோம்? நல்லாத்தான் இருந்தது. அப்புறம் பேட்டரி போயிருக்கும்."

இங்குன் ஐவினின் பீப்பரை மேஜைமேல் வைத்தாள். பச்சை விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"நெஞ்சோட கட்டியிருக்க வேண்டியது, கையில இருந்தது. குமிழ் எதுல நிக்குதுன்னு பாரு."

'தேடு' என்ற இடத்தில்!

ஹல்வார் பார்த்தான். பார்க்காதவன் மாதிரி காபியைக் குடித்தான்.

பனிக்குள் புதைந்தவனுக்காகக் கூவுவது பீப்பர். ஆனால் அடுத்தவன் கூவலைக் கேட்க வேண்டுமென்றால் தன் கூவலை நிறுத்தியாக வேண்டும். புதுக் கருவி என்றால், ஆள் அசையாமல் கிடந்தால் தானாகவே திரும்பக் கூவும். ஐவினுடையது பழசு.

"ஐவின் யாரைத் தேடினான், ஹல்வார்? மலையில நீங்க ரெண்டே பேர்தானே?"

ஹல்வார் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

அவள் ஒரு சிவப்புத் தொப்பியை எடுத்து வைத்தாள். ஹல்வாரின் தொப்பி.

"அவன் ஜாக்கெட்டுக்குள்ள இருந்தது. நீ கிடைச்சதும் போட்டுக்கச் சூடா இருக்கட்டும்னு வச்சிருக்கான்டா."

ஹல்வார் உடைந்து போனான்.

முந்தின நாள் சாயங்காலம் கூடாரத்தில் சூப்புக்குப் பனி உருக்கிக்கொண்டிருந்தபோது ஐவின் சொல்லியிருக்கிறான்... கோடையில் மாரித்தைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக. மாரித், ஹல்வாரை விவாகரத்து செய்தவள். மூன்றாம் மனிதர் சொல்லி நீ கேட்கக்கூடாது என்றானாம். தேவாலயத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நீதான் நிற்க வேண்டும் என்றும் கேட்டானாம். ஹல்வார் சிரித்துக்கொண்டே சம்மதித்தான்.

காலையில் ஹல்வார்தான் முதலில் இறங்கினான். காலடியில் கொஞ்சம் பனி சரிந்தது. பாறைக்குப் பின்னால் ஒதுங்கித் தப்பித்தான். நிமிர்ந்து பார்த்தால் மிச்சச் சரிவு மொத்தமும் இப்பவோ அப்பவோ என்று நின்றது. மேலே ஐவின் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.

ஒரு குரல் போதும்... இங்கே இருக்கிறேன், இறங்காதே என்று. ஹல்வார் கொடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிச் சரிந்த பனிமேல் வீசினான்.

"கொல்லணும்னு நினைக்கல, இங்குன். எனக்காக வர்றானான்னு பாக்கணும்னுதான்..."

"அப்ப உன் பீப்பரை ஏன் அணைச்சே? அது கூவியிருந்தா அவன் நேரா உன்கிட்ட வந்திருப்பானே."

அவன் தொப்பியைக் கையில் எடுத்தான். அந்தப் பக்கம் பீப்பரை நீட்டி, இந்தப் பக்கம் நீட்டி, கேட்காத கூவலுக்காக ஐவின் அலைந்த அலைச்சலை ஹல்வார் பாறைக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறான். மேலே பனி உடைகிற வரைக்கும்.

தொப்பியை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதான்.

"வந்தான், இங்குன். யோசிக்கவே இல்ல, வந்துட்டான்... என்னைத் தேட இனிமே யாரு இருக்கா?"

இங்குன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைவிலங்கை எடுத்தாள்.

"அந்தக் கவலை உனக்கு வேண்டாம்டா. இனிமே ரொம்ப வருஷத்துக்கு நீ எங்க இருப்பேன்னு எங்களுக்கே தெரியும்."